வேகத்துக்கு ஒரு விலை, இடத்துக்கு ஒரு விலை: எல்லை கடக்கும் சரக்கும் நிறுவனத் தரவுச் சேமிப்பகமும்

நிறுவனங்களின் தரவுச் சேமிப்பகத்தை ஐந்து அளவுகளால் மதிப்பிடலாம். எவ்வளவு தரவு அடங்கும் என்பது கொள்ளளவு. ஒரு நொடியில் எத்தனை தனித்தனி வாசிப்புகளையும் எழுத்துகளையும் அது முடிக்கும் என்பது செயல் வீதம். ஒரு வேண்டுகோளுக்குப் பதில் வர ஆகும் நேரம் தாமதம். நீளமான கோப்பு ஒன்றை நொடிக்கு எத்தனை மெகாபைட் வீதம் தரும் என்பது பாய்வு வீதம். கருவி பழுதானாலும் தரவு பிழைத்திருக்குமா என்பது நிலைத்திருப்பு. இந்த ஐந்தையும் ஒரே கருவியில் குறைந்த விலைக்குப் பெற முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். குறையாவிட்டால் விலை ஏறும்.

விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் டெராபைட் கணக்கில் இருப்பதால், வாங்குபவர்களும் டெராபைட்டை வைத்தே யோசிக்கிறார்கள். நடைமுறையில் செலவைத் தீர்மானிப்பது தரவின் அளவைக் காட்டிலும், அது எத்தனை முறை, எவ்வளவு அவசரமாகத் தொடப்படுகிறது என்பதுதான். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

சாவடியிலிருந்து சர்வருக்கு

பாலக்காடு மாவட்டத்தில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. இரு மாநிலச் சரக்கும் கடக்கும் வாயில்கள் இவை. கோயம்புத்தூரையும் பாலக்காட்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் உள்ள வாளையார் சாவடியே இவற்றில் மிகப் பெரியது. விற்பனை வரிக் காலத்தில் சரக்கு லாரிகள் இங்கே ஆவணச் சரிபார்ப்புக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றன.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் வேலை முடிந்தது. அந்த இடத்தை நிரப்பியது இ-வே பில் என்ற மின்னணு வழிச்சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைக் கடக்க வேண்டுமானால், வண்டி புறப்படும் முன்பே இணையத்தில் இதை உருவாக்கியிருக்க வேண்டும். முதல் பகுதியில் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, சரக்கின் வகைக்குறியீடு, மதிப்பு ஆகியவை இருக்கும். இரண்டாம் பகுதியில் வண்டி எண். எல்லாம் சரியாக இருந்தால் கணினி 12 இலக்க எண் ஒன்றைத் தரும். பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகும் இரும்புக் கம்பிக்கும், இடுக்கியின் வண்டன்மேட்டிலிருந்து போடிமெட்டு வழியே இறங்கும் ஏலக்காய் மூட்டைக்கும் இதே நடைமுறைதான்.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இந்த அமைப்பு 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் கட்டாயமாவதாக இருந்தது. அன்றைய தினமே இணையதளம் முடங்கியது. தொழில்நுட்பக் கோளாறுகளால் வணிகர்கள் சிரமப்படுவதைக் குறிப்பிட்டு, அரசு சோதனைக் காலத்தை நீட்டித்தது. பின்னர் நாளொன்றுக்கு 75 லட்சம் பில்களைத் தாங்கும்படி அமைப்பு வலுப்படுத்தப்பட்டு, படிப்படியாக அமலானது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு ஏப்ரல் 1. கேரளத்துக்கு உள்ளே செல்லும் சரக்குக்கு ஏப்ரல் 15. தமிழ்நாட்டுக்கு உள்ளே ஜூன் 2. ஒரே நாளில் முழுச் சுமையையும் ஏற்றாமல் மாநிலம் மாநிலமாக ஏற்றியது, அமைப்பின் தாங்குதிறனை அறிந்து எடுத்த முடிவு. சாலையில் நின்ற வரிசை சர்வருக்குள் இடம் மாறியிருந்தது.

சிறிய தரவு, பெரிய சுமை

2023 அக்டோபரில் நாடு முழுவதும் உருவான இ-வே பில்களின் மாத எண்ணிக்கை முதன்முறையாக 10 கோடியைத் தாண்டியது. இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கீழே வருபவை அந்த அமைப்பின் உள்ளமைப்பைப் பற்றிய தகவல்கள் அல்ல. இத்தகைய எந்த அமைப்புக்கும் பொருந்தக்கூடிய மாதிரி மதிப்பீடு.

ஒரு பில்லுக்கும் அதைச் சார்ந்த குறிப்புகளுக்கும் 5 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி பில்களுக்கு 500 ஜிகாபைட் ஆகிறது. ஆண்டுக்கு 6 டெராபைட். இன்று சந்தையில் கிடைக்கும் 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நாட்டின் மூன்றாண்டுச் சரக்குப் போக்குவரத்துப் பதிவுகள் அடங்கிவிடும். கொள்ளளவு என்ற கோணத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை.

செயல் வீதத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. மாதம் 10 கோடி என்பது சராசரியாக நொடிக்கு 37 பில்கள். ஒரு பில் உருவாவது சேமிப்பகத்தைப் பொறுத்தவரை ஒரே செயல் ஆகாது. இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண்களையும் சரிபார்க்க வேண்டும். அதே பில் எண்ணுக்கு முன்பே வழிச்சீட்டு உள்ளதா என்று தேட வேண்டும். பதிவை எழுத வேண்டும். பில் எண், வண்டி எண், தேதி, வணிகர் என ஒவ்வொரு வழியிலும் பின்னர் தேடுவதற்கான அட்டவணைகளைத் திருத்த வேண்டும். மின்சாரம் போனாலும் பதிவு தொலையாதபடி, வணிகருக்குப் பதில் அனுப்பும் முன்பே செயற்குறிப்பை நிலையான சேமிப்பில் எழுதி முடிக்க வேண்டும். இவற்றுக்கு மொத்தம் 20 செயல்கள் என்று கொண்டால், சராசரிச் சுமை நொடிக்குச் சுமார் 750.

சராசரியை நம்பி எந்த அமைப்பையும் கட்ட முடியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் வேண்டுகோள்களும் மாதக் கடைசி நாளின் மாலையில் வருபவையும் ஒன்றல்ல. உச்ச நேரச் சுமை சராசரியைப் போல் பத்து மடங்கு என்று வைத்தால், நொடிக்கு 7,500 செயல்கள். இந்த எண்தான் எந்தக் கருவியை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது.

சுழலும் தட்டின் எல்லை

ஹார்ட் டிஸ்க் ஓர் இயந்திரம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவற்றில் 50 லட்சம் எழுத்துகள் அடங்கின. இன்றைய டிஸ்க் கைக்குள் அடங்குகிறது, கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. அடிப்படை இயக்கம் மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஒரு கை நகர்ந்து சரியான தடத்தில் நிற்கிறது. வேண்டிய பகுதி தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்கிறது.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 4.2 மில்லி நொடி. கை நகர இன்னும் எட்டு மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு பதிவை எடுக்கச் சுமார் 12 மில்லி நொடி ஆகும். ஒரு நொடியில் ஏறத்தாழ 80 பதிவுகளுக்கு மேல் எடுக்க முடியாது. தட்டின் கொள்ளளவை ஒரு டெராபைட்டிலிருந்து 20 டெராபைட்டாக உயர்த்தினாலும் இந்த 80 அப்படியே இருக்கும். அதனால் டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, டெராபைட் ஒன்றுக்குக் கிடைக்கும் செயல் வீதம் குறைந்துகொண்டே போகிறது.

நொடிக்கு 7,500 செயல்களை இத்தகைய டிஸ்குகளால் முடிக்க வேண்டுமானால் 94 டிஸ்குகள் வேண்டும். அதுவும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். ஒரு டிஸ்க் பழுதானால் தரவு போய்விடும் என்பதால் பிரதியும் வேண்டும். அதற்குத் தனி விலை உண்டு.

பாதுகாப்பின் விலை

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரை, விலை குறைந்த பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரு பெரிய, நம்பகமான டிஸ்க் போல இயக்கலாம் என்று காட்டியது. அதிலிருந்து வளர்ந்தவைதான் ரெய்டு அடுக்குகள்.

ரெய்டு 10 முறையில் ஒவ்வொரு பதிவும் இரண்டு டிஸ்குகளில் எழுதப்படும். ஓர் எழுத்துக்கு இரண்டு செயல். கொள்ளளவில் பாதி பிரதிக்குப் போய்விடும். ரெய்டு 5 முறையில் முழுப் பிரதிக்குப் பதிலாக, பல டிஸ்குகளின் தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புத் தொகுதி ஒன்று வைக்கப்படும். இடம் மிச்சமாகிறது. ஆனால் சிறிய பதிவு ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பழைய தரவையும் பழைய சரிபார்ப்பையும் வாசித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும், நான்கு செயல். ரெய்டு 6 இரண்டு டிஸ்குகள் ஒரே சமயத்தில் பழுதானாலும் தாங்கும். அதற்கு ஆறு செயல்.

மேற்கண்ட 7,500-இல் 5,000 எழுத்தும் 2,500 வாசிப்பும் என்று கொண்டால், ரெய்டு 10-இல் உண்மைச் சுமை 12,500. சுமார் 156 டிஸ்குகள். ரெய்டு 5-இல் 22,500. சுமார் 281 டிஸ்குகள். இடத்தை மிச்சப்படுத்தும் முறை இங்கே கூடுதலாக 125 டிஸ்குகளைக் கேட்கிறது. 20 டெராபைட் டிஸ்குகளாக வாங்கினால் 156 டிஸ்குகளின் மொத்தக் கொள்ளளவு 3,120 டெராபைட். அதில் வைக்க வேண்டியது ஆண்டுக்கு ஆறு டெராபைட் மட்டுமே. வேகத்துக்காக இடத்தை வாங்கி வீணாக்குவது என்பது இதுதான். கட்டுப்பாட்டுக் கருவிகளில் உள்ள இடைநினைவகம் எழுத்துகளைத் திரட்டி இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். இருந்தாலும் பல்லாண்டுகளாகப் பெருநிறுவனங்கள் பெட்டி பெட்டியாக டிஸ்குகளை வாங்கியதற்கு அடிப்படைக் காரணம் இந்தக் கணக்கே.

ஃபிளாஷ் கொண்டுவந்த மாற்றம்

1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஃபிளாஷால் ஆன சேமிப்புக் கருவியான எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகம் இல்லை. ஒரு பதிவை எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோ நொடி போதும். ஹார்ட் டிஸ்கைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம். 2011-இல் வெளியான என்.வி.எம்.இ. நெறிமுறை இன்னொரு தடையையும் நீக்கியது. ஹார்ட் டிஸ்குகளை மனதில் வைத்து அமைந்த பழைய நெறிமுறையில் 32 கட்டளைகள் கொண்ட ஒரே வரிசை இருந்தது. புதிய நெறிமுறை ஏறத்தாழ 64 ஆயிரம் வரிசைகளை அனுமதிக்கிறது; ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள் நிற்கலாம். நிறுவனத் தரத்திலான ஒரே எஸ்.எஸ்.டி. நொடிக்குப் பல லட்சம் வாசிப்புகளை முடிக்கிறது.

நமது மாதிரிச் சுமைக்கு ஒன்றன் பிரதியாக மற்றொன்று இயங்கும் இரண்டு எஸ்.எஸ்.டி.கள் செயல் வீத அளவில் தாராளமாகப் போதும். டெராபைட் கணக்கில் எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்கைவிடப் பல மடங்கு விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் நொடிக்கு ஒரு செயல் என்ற கணக்கில் பார்த்தால் அது மிகவும் மலிவு. மின்சாரம், குளிரூட்டல், சர்வர் அறையில் பிடிக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்தால் 156 டிஸ்குகளுக்கும் இரண்டு எஸ்.எஸ்.டி.களுக்கும் ஒப்பீடே கிடையாது.

ஃபிளாஷுக்கும் குறைகள் உண்டு. அதில் ஒரு பகுதியை நேரடியாகத் திருத்த முடியாது. பெரிய தொகுதி ஒன்றை முழுவதும் அழித்துத்தான் மீண்டும் எழுத முடியும். அதனால் பயனர் எழுதுவதைவிட அதிகமாகக் கருவி தனக்குள் எழுதுகிறது. ஒவ்வொரு அழிப்பும் நினைவணுவைத் தேய்க்கிறது. ஓரணுவில் ஒரு பிட் வைத்தால் சுமார் லட்சம் முறை அழித்து எழுதலாம். மூன்று பிட் வைத்தால் சில ஆயிரம் முறை. நான்கு பிட் வைத்தால் ஆயிரம் முறையோ அதற்குக் கீழோ. பிட் கூடக் கூட விலை குறைகிறது, ஆயுளும் குறைகிறது. ஆகவே வாங்கும்போது நாளொன்றுக்கு எவ்வளவு எழுதப்படும் என்பதைக் கணக்கிட வேண்டும். இ-வே பில் மாதிரியில் நாளொன்றுக்குப் புதிய தரவு சுமார் 17 ஜிகாபைட். அட்டவணைகள், செயற்குறிப்புகளோடு அது பத்து மடங்கானாலும் 170 ஜிகாபைட்தான். தன் முழுக் கொள்ளளவையும் நாளுக்கு ஒருமுறை எழுதலாம் என்று ஐந்தாண்டு உத்தரவாதம் தரப்படும் 3.84 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு இது மிகச் சிறிய சுமை.

நெரிசல் வரும்போது

செயல் வீதம் போதுமா என்று பார்ப்பதோடு கணக்கு முடிவதில்லை. தாங்குதிறனின் விளிம்பில் ஓடும் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதும் முக்கியம். வேண்டுகோள்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வரும்போது, மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு கருவி வேலையாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தாமதம் பெருகும். எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, 12 மில்லி நொடியில் ஒரு செயலை முடிக்கும் டிஸ்க் 50 சதவீதச் சுமையில் 24 மில்லி நொடி எடுக்கும்; 80 சதவீதத்தில் 60; 90 சதவீதத்தில் 120; 95 சதவீதத்தில் 240. சுமை இரு மடங்குகூட ஆகவில்லை, தாமதம் பத்து மடங்காகிவிட்டது.

வாளையார் சாவடியில் ஒரு லாரியின் ஆவணத்தைச் சரிபார்க்க ஆகும் நேரம் மாறாதபோதும், பண்டிகைக்கு முந்தைய நாட்களில் வரிசை மளமளவென்று நீண்டது இதே விதியால்தான். சாதாரண நாளில் திருப்தியாக ஓடும் அமைப்பு, சுமை சற்றே கூடியதும் சட்டென்று முடங்கிப்போவதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். அதனால் அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் உச்ச நேரத்திலும் கணிசமான பங்கைக் காலியாகவே விட்டுவைக்கிறார்கள். அந்தக் காலி இடம் நெரிசலைத் தவிர்க்கக் கொடுக்கும் காப்பீடு.

சராசரித் தாமதம் மட்டும் போதிய அளவுகோல் ஆகாது. கூகுளைச் சேர்ந்த ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் இதை விளக்கினர். ஒரு சர்வர் நூறில் ஒரு முறை மட்டும் மெதுவாகப் பதில் தருகிறது என்று கொள்வோம். ஒரு வேண்டுகோளுக்கு இத்தகைய 100 சர்வர்களிடமிருந்தும் பதில் வர வேண்டுமானால், 63 சதவீத வேண்டுகோள்கள் மெதுவாகிவிடும். பெரிய அமைப்புகளில் அரிதான தாமதமே அன்றாட அனுபவமாகிறது.

அதே அளவு, வேறு சேமிப்பகம்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் இதே எல்லைப் பகுதியில் உண்டு. கேரள அரசு 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் தழுவிய டிஜிட்டல் நில மறு அளவையைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழி நிலையறியும் கருவிகளும், திறந்த வெளிகளில் ட்ரோன்களும் இதில் பயன்படுகின்றன.

ஒரு பிக்சல் ஐந்து சென்டிமீட்டரைக் குறிக்கும் வான்படம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 கோடி பிக்சல்கள்; பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 1.2 ஜிகாபைட். பாலக்காடு மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,480 சதுர கிலோமீட்டர். முழு மாவட்டத்தையும் இப்படிப் படமெடுத்தால் சுமார் 5.4 டெராபைட் ஆகும். நாடு முழுவதற்குமான ஓராண்டு இ-வே பில்களுக்கு நாம் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஆனால் தேவைப்படும் சேமிப்பகம் முற்றிலும் வேறு. நில அளவையாளர் ஒருவர் சித்தூர் வட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் படத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். கோப்பு டிஸ்கில் தொடர்ச்சியாக இருக்கிறது. கை ஒருமுறை நகர்ந்தால் போதும். பிறகு நொடிக்கு 250 மெகாபைட் வீதம் ஓடி ஐந்து நொடிக்குள் படம் வந்துவிடும். இங்கே ஹார்ட் டிஸ்கின் பலவீனம் வெளிப்படவே இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான செயல்களும் தேவையில்லை. மலிவான பெரிய டிஸ்குகள் சிலவே போதும். இந்தப் படங்களை உயர்தர எஸ்.எஸ்.டி.யில் வைத்தால் பணம் விரயம். இ-வே பில்களைப் பெரிய ஹார்ட் டிஸ்குகளில் வைத்தால் அமைப்பே முடங்கும். டெராபைட் கணக்கு மட்டும் பார்க்கும் கொள்முதல் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இத்தகைய பெரிய கோப்புகளுக்குப் பாதுகாப்பையும் மலிவாகப் பெறலாம். இர்விங் ரீட், குஸ்தவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட குறியீட்டு முறை இன்று பெரும் சேமிப்பகங்களில் பயன்படுகிறது. கோப்பைப் பத்துத் துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு துண்டுகளைச் சேர்த்து, பதினான்கையும் வெவ்வேறு சர்வர்களில் வைத்தால், எந்த நான்கு தொலைந்தாலும் கோப்பு மீளும். மூன்று முழுப் பிரதிகள் வைத்தால் மூன்று மடங்கு இடம், இங்கே 1.4 மடங்குதான். தொலைந்த ஒரு துண்டை மீட்க மற்ற பத்துத் துண்டுகளை வாசிக்க வேண்டும் என்பது இதன் விலை. அடிக்கடி தொடப்படாத பெரிய கோப்புக்கு அந்த விலை தாங்கத்தக்கது. நொடிதோறும் மாறும் சிறு பதிவுக்குத் தாங்காது.

தரவின் வயது

ஒரே தரவுக்கும் எல்லாக் காலத்திலும் ஒரே வேகம் தேவைப்படுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்குப் போகும் சரக்கின் இ-வே பில்லை எடுத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லுபடி. 24 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்யலாம். 72 மணி நேரத்துக்குள் மறு தரப்பு மறுக்கலாம். வண்டி மாறினால் இரண்டாம் பகுதியைத் திருத்த வேண்டும். வழியில் அதிகாரி நிறுத்தினால் கைபேசியில் எண்ணைத் தட்டிப் பார்ப்பார். இந்த மூன்று நாட்களில் பதிவு சூடாக இருக்கிறது. அடுத்துக் கணக்குத் தாக்கல் செய்யும் போதும் ஆண்டு அறிக்கையின் போதும் ஓரிரு முறை தொடப்படும். அதன் பிறகு தணிக்கையோ வழக்கோ வந்தால்தான் யாரும் தேடுவார்கள்.

ஆனால் அதை அழிக்கவும் முடியாது. ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வணிகர்கள் கணக்கையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு. 2024 ஏப்ரலில் உருவான ஆவணத்துக்கு இது ஏறத்தாழ எட்டாண்டுகள். அதன் வாழ்நாளில் மூன்று நாள் வேகம் தேவை. மீதிக் காலம் இருந்தால் போதும்.

எப்போது தரவை வேகமான அடுக்கில் வைப்பது இலாபம் என்பதற்கு ஜிம் கிரே, ஃபிராங்கோ புட்சோலு இருவரும் 1987-இல் ஓர் அளவுகோல் தந்தனர். அன்று நொடிக்கு ஒரு வாசிப்பைத் தரும் டிஸ்க் திறனின் விலை சுமார் 2,000 டாலர். ஒரு கிலோபைட் முதன்மை நினைவகத்தின் விலை 5 டாலர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 400. இந்த 400 நொடியை அவர்கள் ஏறத்தாழ ஐந்து நிமிடம் என்றனர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தொடப்படும் ஒரு கிலோபைட் பதிவை நினைவகத்தில் வைப்பதே மலிவு. அதைவிட அரிதாகத் தொடப்படுவதை டிஸ்கில் விட்டுவிடலாம். விலைகள் பின்னர் பெரிதும் மாறிவிட்டன. வகுத்துப் பார்க்கும் முறை இன்றும் செல்லும். நினைவகத்துக்கும் எஸ்.எஸ்.டி.க்கும், எஸ்.எஸ்.டி.க்கும் ஹார்ட் டிஸ்குக்கும், டிஸ்குக்கும் காந்த நாடாவுக்கும் இடையே இப்படித் தனித்தனி எல்லைக்கோடு உண்டு.

அடுக்கின் அடியில் இருப்பது காந்த நாடா. 2021-இல் வந்த எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். நமது மாதிரியில் எட்டாண்டு இ-வே பில்கள் 48 டெராபைட். மூன்று நாடாக்களில் முடிந்துவிடும். அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரம் வேண்டாம். வேண்டிய இடத்துக்கு நாடாவைச் சுற்றிக் கொண்டுவர ஒரு நிமிடம் வரை ஆகும் என்பதுதான் குறை. ஆறாண்டுக்கு முந்தைய பில்லைத் தேடும் தணிக்கையாளருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிதல்ல.

கிளவுட் சேவைகளும் இதே அடுக்குகளைத்தான் வாடகைக்குத் தருகின்றன. அமேசான் 2006-இல் தொடங்கிய எஸ்-3 சேவையில் இன்று பல விலைப் படிகள் உள்ளன. மிக மலிவான ஆழ் காப்பகப் படியில் வைத்த கோப்பை வழக்கமான முறையில் மீட்க 12 மணி நேரம் வரை ஆகும். குறைந்தது 180 நாட்களுக்கான வாடகையும் உண்டு. மாத வாடகை குறைவாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும், தரவை வெளியே எடுப்பதற்கும் தனிக் கட்டணம் வரும். எவ்வளவு வைப்போம் என்பதோடு எவ்வளவு திரும்ப எடுப்போம் என்பதையும் கணக்கிடாமல் கிளவுடுக்குப் போகும் நிறுவனம் பிறகு பில்லைப் பார்த்துத் திகைக்கும்.

தூரமும் பேரிடரும்

நிலைத்திருப்புக்கு இன்னொரு பரிமாணம் இடம். 2018 ஆகஸ்டில் இடுக்கியின் செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்ட மழையில், மலைச் சாலைகள் பல இடங்களில் அறுந்தன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. தரவும் அதன் பிரதியும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டும் ஒரே இடரில் சிக்கும். பிரதி தொலைவில் இருக்க வேண்டும்.

தொலைவுக்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து மைக்ரோ நொடி எடுக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் தேசியத் தரவு மையங்கள் தில்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வரம் முதலிய நகரங்களில் உள்ளன. தில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் வான்வழித் தூரமே சுமார் 1,250 கிலோமீட்டர், போய்வர 12.5 மில்லி நொடிக்குக் குறையாது. இரு இடத்திலும் எழுதி முடித்த பிறகே பதில் தருவது என்று வைத்தால், 100 மைக்ரோ நொடி எஸ்.எஸ்.டி. வாங்கிய பயன் அதில் கரைந்துவிடும். முதலில் பதில் தந்துவிட்டுப் பிறகு பிரதி எடுப்பது என்று வைத்தால் வேகம் கிடைக்கும்; இடைப்பட்ட சில நொடிகளில் இடர் வந்தால் கடைசிப் பதிவுகள் போகும். வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்த இழப்பை ஏற்க முடியாது. நில வரைபடத்துக்கு ஏற்கலாம். இதைப் பொறியாளர் தனியே முடிவு செய்ய இயலாது. எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும் என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும்.

பிரதி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவு முதலான பணிகள் பல நாட்கள் கையெழுத்தில் நடந்தன. பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்று இருந்ததால் தரவு மீண்டது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்துவந்த 858 டெராபைட் அமைப்பு முழுவதும் அழிந்தது. கொள்ளளவு பெரிது, வேகம் குறைவு என்ற அமைப்பாக இருந்ததால் அதற்கு வெளிப்பிரதி எடுக்கப்படவில்லை. 858 டெராபைட் என்பது சுருக்காமலே 48 எல்.டி.ஓ. ஒன்பது நாடாக்களில் அடங்கும் அளவு.

எல்லைப் பகுதி நிறுவனங்களின் தேவை

பெரும் அமைப்புகளுக்குச் சொன்ன கணக்கு சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும், எண்கள்தான் சிறியவை. புத்தடி, போடிநாயக்கனூர் மின் ஏலங்களில் வாங்கும் ஏலக்காய் வணிகரின் டேலி மென்பொருள் கணக்கும் பில்களும் சில பத்து ஜிகாபைட்டைத் தாண்டுவது அரிது. இத்தகையவருக்குக் கொள்ளளவு ஒரு கவலையே இல்லை. ஒன்றுக்கு ஒன்று பிரதியான இரண்டு எஸ்.எஸ்.டி.கள் அன்றாட வேலைக்கு. வலைப்பின்னல் இணைப்போடு தொடர்பில்லாமல் பூட்டிவைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. மலைக்கு வெளியே கிளவுடிலோ வேறு ஊர்க் கிளையிலோ இன்னொரு பிரதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்ற நடைமுறை விதி இதோடு நிறைவேறுகிறது. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் ஏராளமாகச் சேரும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்குக் கணக்கு வேறு. பதிவுகள் தொடர்ச்சியானவை, பெரியவை, பெரும்பாலும் யாரும் திரும்பப் பார்க்காதவை. அவற்றுக்கு மலிவான ஹார்ட் டிஸ்கும், சில வாரங்களில் தானாக அழியும் ஏற்பாடும் போதும். இவ்விரண்டையும் ஒரே சேமிப்பகத்தில் ஏற்றினால், கேமராக்களின் இடைவிடாத எழுத்து கணக்குப் பதிவுகளைத் தாமதப்படுத்தும்.

சேமிப்பகத்தின் மொத்தச் செலவில் கருவியின் விலை ஒரு பகுதி மட்டுமே. ஐந்தாண்டு மின்சாரமும் குளிரூட்டலும், மென்பொருள் உரிமமும், பராமரிப்பு ஒப்பந்தமும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளின் சம்பளமும் சேர்ந்ததே முழுச் செலவு. வேகம் குறைவதால் காத்திருக்கும் ஊழியரின் நேரமும், நிற்கும் லாரியின் வாடகையும் எந்த விலைப்பட்டியலிலும் வராது. ஆனால் யாரோ ஒருவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். இ-வே பில் இணையதளம் முடங்கிய நாளில் அதைக் கொடுத்தவர்கள் வண்டி உரிமையாளர்களும் வணிகர்களும்.

ஆகவே சேமிப்பகத் தேர்வுக்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் ஒவ்வொரு வகைத் தரவும் உச்ச நேரத்தில் நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு பெரிய துண்டுகளாகத் தொடப்படுகிறது என்பதை அளக்க வேண்டும். அடுத்து, எத்தனை நாளில் அது குளிர்ந்துபோகிறது, சட்டம் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு எவ்வளவு இழப்பையும் எவ்வளவு நேர முடக்கத்தையும் நிறுவனம் தாங்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். காப்புப் பிரதியிலிருந்து தரவை உண்மையாகவே மீட்டுப் பார்த்துச் சோதிப்பதும் இதில் அடங்கும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது. எத்தனை டெராபைட் என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகே வர வேண்டும். முதல் மூன்றுக்கும் சரியான விடை கிடைத்துவிட்டால், நான்காவதற்கான விடை பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட மலிவாகவே இருக்கும்.